காற்றுக் கசிவு

எங்கள் பெரியப்பா கிருஷ்ணகிரியில் இருபத்தாறு வருடங்கள் மைக் செட் வைத்திருந்தார். மாரியம்மன் பண்டிகை, காதுகுத்து, எருது விடும் விழா, கட்சிக் கூட்டம் என்று எதற்கு அழைப்பு வந்தாலும் ஆம்ப்ளிஃபையரையும் ஆளுயர பாக்ஸ்களையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பள்ளி விடுமுறை நாட்களில் வயர் சுருட்டும் வேலை எனக்குக் கிடைக்கும். பாட்டு ஓடத் தொடங்கியதும் அவர் பந்தல் காலில் கை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கையில் வந்து முட்டும் அதிர்வை வைத்தே பாக்ஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார். பேஸ், அதாவது பாட்டின் மிகத் தாழ்ந்த ஒலி, என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் உடம்பு முடிவு செய்துகொண்டது அந்தப் பந்தல் கால்களில்தான் என்று நினைக்கிறேன். பின்னாளில் டெக்னோ, ஹவுஸ், ஆம்பியன்ட் என்று பாட்டே இல்லாத, முழுக்க மின்கருவிகளால் ஆன இசை எனக்குப் பிடித்துப்போனதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இசையைக் கேட்பதற்காக இரண்டு வருடங்களுக்கு முன் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பின்னால் தெரிந்ததுபோல அதன்மீது குற்றம் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டுக் கேட்டால் பிரமாதமாக இருந்தது. குரல் தெளிவு, வயலின் தெளிவு. டெக்னோ போட்டால் மட்டும் உயிர் போய்விட்டது. பாட்டின் அடியில் நாலுக்கு நாலு விழ வேண்டிய உதை, அதாவது கிக், அட்டைப் பெட்டியை விரலால் சுண்டியதுபோல் கேட்டது. இணைப்பு வயர்களை மாற்றினேன், பாடல் கோப்புகளை மாற்றினேன், போனையே மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பாவிடம் கொடுத்து, "பேஸே வர மாட்டேங்குதுங்க பெரியப்பா" என்றேன்.

அவர் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் இருந்தார். "நல்லாத்தானடா வருது" என்றார். பிறகு என் தலையில் மாட்டிவிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். "கண்ணாடியக் கழட்டு."

கழற்றினேன். உதை வந்துவிட்டது.

"பாக்ஸுல எங்கனா காத்து போனா பேஸு நிக்காதுடா. எத்தினி பாக்ஸுக்கு எம்-சீல் வெச்சி அடைச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் கரும்பு கடிக்கப் போய்விட்டார். இணையத்தில் மாதக்கணக்கில் நான் படித்த ஒப்பீடுகளில் எதுவும் இவ்வளவு நேராக இதைச் சொல்லவில்லை.

இதன் காரணம் எளிமையானது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின், அதாவது வினாடிக்கு 50 முறை அதிரும் ஒலியின், அலைநீளம் காற்றில் கிட்டத்தட்ட 7 மீட்டர். எங்கள் வீட்டு முன்னறை அதில் பாதிகூட இருக்காது. நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மெல்லிய சவ்வு, திறந்த வெளியில் அப்படிப்பட்ட ஒலியைக் கிளப்பிவிட முடியாது. ஹெட்ஃபோன் அதைச் சாதிப்பது வேறு வழியில்: சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்டிருக்கும் ஒரு கைப்பிடிக் காற்றை அது அழுத்தியும் தளர்த்தியும் விடுகிறது. அடைப்பு சரியாக இருக்கும்வரை அழுத்தம் நிற்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கி ஒரு சிறு இடுக்கை உண்டாக்கினால் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். அதுவும் மிகத் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். குரலும் வயலினும் இருக்கும் நடு அலைவரிசைகளுக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. அதனால்தான் சினிமாப் பாட்டில் எனக்குக் குறையே தெரியவில்லை.

ஆனால் சினிமாப் பாட்டிலும் பேஸ் கிட்டார் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதன் கடைசித் தந்தியின் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ். என்றாலும் தந்தியை மீட்டும்போது அந்த 41 மட்டும் எழுவதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே எழுகின்றன. அடிப்படை ஒலி காதுக்கு வராமல் போனாலும் மடங்குகளை வைத்து மூளை அதை நிரப்பிக்கொள்ளும். மின்னிசையில் இந்தச் சலுகை பல இடங்களில் கிடைப்பதில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980 இல் வெளியிட்ட டிஆர்-808 என்ற தாளக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒலிப்பதிவு செய்த முரசொலி எதுவும் கிடையாது. ஒரு மின்சுற்றைத் தட்டிவிட்டு, அது அதிர்ந்து அடங்கும் ஒலியைத்தான் கிக் என்று தருகிறது. சுமார் 50 ஹெர்ட்ஸில், மடங்குகள் மிகக் குறைவான, ஏறக்குறைய தூய்மையான ஓர் அலை. எவ்வளவு நேரம் அதிர வேண்டும் என்பதற்குத் தனித் திருகு உண்டு. இந்த ஒலியில் அடிப்படையை எடுத்துவிட்டால் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன 'டிக்' மட்டுமே மிஞ்சும். எனக்குக் கேட்ட அட்டைப்பெட்டி அந்த 'டிக்' தான். பெரியப்பாவுக்கு ஒருநாள் 808 இன் உதையைத் தனியாகப் போட்டுக் காட்டினேன். "இது தோலு இல்லடா, கோயில் மணிய வேட்டியில சுத்தி அடிச்சாப்பல இருக்குது" என்றார். மின்சுற்று வரைபடத்தைப் பார்த்தவர்கள் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

ஆகவே, நடுத்தர விலையில் இந்த இசைக்காக ஹெட்ஃபோன் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி பேஸ் எவ்வளவு என்பதைவிட, எங்கே என்பதே என்று நான் கருதுகிறேன். 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் பலவற்றில் கூடுதலாக இருப்பது 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அது உயர்ந்தால் கடையில் இரண்டு நிமிடம் கேட்கும்போது நெஞ்சு நிறைந்ததுபோல் தோன்றும். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் கிக்கும், பேஸ் வரி எனப்படும் தாழ்ந்த சுரங்களின் ஓட்டமும் ஒன்றோடொன்று ஒட்டி, குழைந்த களிபோல் ஆகிவிடும். டெக்னோவில் நிமிடத்துக்கு 130 உதை விழுகிறது என்றால், ஓர் உதைக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை வினாடிக்கும் குறைவான இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில்தான் பேஸ் வரி நகர்கிறது. முதல் உதை நேரத்தோடு அடங்காவிட்டால் அந்த இசையில் கேட்க வேண்டியதே மூழ்கிப்போகும். 60 ஹெர்ட்ஸிலிருந்து 30 வரை தளராமல் இறங்குவதும், 150 ஐச் சுற்றி அடக்கமாக இருப்பதுமே எனக்கு வேண்டியிருந்தது. மனிதர்கள் கொஞ்சம் உயர்த்திய பேஸை விரும்புவது உண்மைதான். ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2012 ஐ ஒட்டித் தொடங்கி நடத்திய கேட்டல் சோதனைகளிலும் அதுவே வெளிப்பட்டது. ஆனால் எந்த ஒலி எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவர்கள் வரைந்த வளைவில் அந்த உயர்வு ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொடங்குகிறது என்பதை விளம்பரம் எழுதுபவர்கள் கவனிப்பதில்லை.

மேல்பக்கத்தை, அதாவது உயர்ந்த ஒலிகளைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை சொல்வேன். 808 க்கு அடுத்து 1983 இல் வந்த 909 என்ற கருவியின் ஹை-ஹாட் ஒலிகள், அதாவது ஜோடித் தாளத்தட்டுகளின் ஒலிகள், 6 பிட் என்ற மிகக் குறைந்த துல்லியத்தில் பதிவு செய்யப்பட்டவை. அந்தச் சொரசொரப்புதான் அதன் அழகு. ஹவுஸ், டெக்னோ இரண்டிலும் அது ஓயாமல் 'ட்ஸ், ட்ஸ்' என்று வந்துகொண்டே இருக்கும். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டி முனை எழும்பிய ஹெட்ஃபோனில் வீணையை ஒரு மணி நேரம் கேட்கலாம், 909 ஐக் கேட்க முடியாது. இருபதாவது நிமிடத்தில் புருவத்துக்கு மேலே வலிக்கத் தொடங்கும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருக்குப் பேருந்து ஏறினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் 50 கிலோமீட்டர், அங்கிருந்து பெங்களூர் இன்னொரு 40. மாட்டிப் பார்த்து வாங்க வசதியுள்ள கடை எங்கள் ஊரில் இல்லை. தருமபுரியிலும் நான் பார்த்ததில்லை. படித்துத் தெரிந்துகொள்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதை மூக்குக்கண்ணாடி எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. என் தலை, என் காது, என் கண்ணாடி ஆகிய மூன்றும் எந்த விமர்சகரிடமும் இல்லை.

கடையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமலே மூன்றைக் கேட்டேன். போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். பாட்டுக்கு முன் 100 ஹெர்ட்ஸ், பிறகு 60, 40, 30 என்று தனி ஒலிகளை ஓடவிட்டேன். 40 ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஒலி கூடினால் கசிகிறது என்று பொருள். கூடாவிட்டால் அடைப்பு சரி. கடைக்காரத் தம்பி என்னைச் சற்று விநோதமாகத்தான் பார்த்தார்.

முதலாவது ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ். 45 மில்லிமீட்டர் சவ்வு, 38 ஓம் மின்தடை, கழற்றி மாட்டக்கூடிய வயர். உதை முன்னால் வந்து நின்றது. உற்சாகமான ஹெட்ஃபோன், நடன இசைக்காரர்கள் பலர் இதை வைத்திருப்பதற்குக் காரணம் புரிந்தது. ஆனால் கிண்ணத்தின் உட்புறம் என் காதுக்குச் சிறியது. தோல்போன்ற செயற்கை மெத்தை கண்ணாடிக் காம்பை ஓரளவு விழுங்கிக்கொண்டாலும், ஏசி ஓடும் கடையிலேயே பத்து நிமிடத்தில் காது மடல் ஈரமானது. ஏப்ரல் மாதத்தில் எங்கள் ஊரில், மாங்காய் பெருக்கும் வெயிலில், மின்சாரம் போன ஒரு மதியத்தை நினைத்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட மெத்தைகள் வியர்வையில் இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாக உரிந்து, கறுப்புத் துகள் கழுத்தில் ஒட்டுவதும் எனக்குப் பழைய அனுபவம்.

இரண்டாவது சென்ஹைசர் எச்டி 560எஸ், பின்பக்கம் திறந்த வகை. தாளம் பின்வாங்கி மெதுவாகப் பரவும் ஆம்பியன்ட் இசையைப் போட்டேன். ஒலி தலைக்குள் அடைபடாமல், மலையடிவாரத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் பரந்து நின்றது. எதிரொலி ஒன்று தேய்ந்து மறைவதைக் கடைசி இழைவரை பின்தொடர முடிந்தது. அதைக் கழற்றவே மனம் வரவில்லை. ஆனால் 40 ஹெர்ட்ஸ் இளைத்துப்போனது, 30 இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். திறந்த வகை ஹெட்ஃபோன்களுக்குப் பொதுவான குணம் அது; சவ்வின் பின்னழுத்தம் வெளியே போவதற்காகவே கட்டப்பட்டவை. வீட்டில் தனியறையும் அமைதியும் உள்ளவர்கள், ஆம்பியன்ட் மட்டும் கேட்பவர்கள், வேறு எதையும் பார்க்காமல் இதை வாங்கலாம். என் அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா சீரியல் பார்க்கிறார்.

மூன்றாவது பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் வகை. ஜெர்மனியின் ஹைல்பிரானில் செய்யப்படுவது. சாம்பல் நிற வெல்வெட் போன்ற மெத்தை, காது முழுவதும் உள்ளே அடங்கும் வட்டக் கிண்ணம். 30 ஹெர்ட்ஸ் என்னும் ஒலி கேட்டது என்பதைவிட, தாடைக்குள் ஏதோ உருண்டது என்று சொல்வதுதான் சரி. 1982 இல் மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 808 ஐயும், ரோலண்டின் 303 என்ற பேஸ் கருவியையும் வைத்துக்கொண்டு யமன், மால்கௌன்ஸ் முதலிய ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, 2010 இல் மறுபடி வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் மால்கௌன்ஸை, நம் ஹிந்தோளத்தை, இந்த ஹெட்ஃபோனில் கேட்டேன். ராகம் மேலே தவழ்ந்துகொண்டிருக்க, 303 அதன் கீழே முனகிக்கொண்டே நெளிந்தது. ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை. குறைகள் இரண்டு. 909 இன் ஹை-ஹாட் கொஞ்சம் குத்தியது, நான் மேலே சொன்ன 8,000 ஹெர்ட்ஸ் முனை இதில் உண்டு. வயர் கழற்ற முடியாதது, அதுவும் 3 மீட்டர் நீளம்; கிணற்றில் வாளி இறக்கலாம்.

வரம்பைச் சற்றுத் தாண்டித்தான் போனது. வாங்கிவிட்டேன்.

80 ஓம் என்றதும், அந்த மின்தடையைத் தாண்டி ஒலிக்கப் போன் போதுமா, தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்டார்கள். கடைக்காரரும் ஒன்றைக் காட்டினார். இந்த ஹெட்ஃபோன் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் ஒலிக்கிறது என்று குறிப்பேடு சொல்கிறது. 80 ஓமில் 1 மில்லிவாட் பாய்வதற்கு 0.28 வோல்ட் போதும். போனின் டைப்-சி துளையில் சொருகும் சாதாரண இணைப்பானே அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை தருகிறது. மேலும், மின்னிசைப் பதிவுகள் பெரும்பாலும் ஒலியளவை மேலே தள்ளிப் பதிந்தவை. மெல்லிய இடங்கள் நிறைந்த கர்நாடகக் கச்சேரிப் பதிவுக்குத் தேவைப்படும் கூடுதல் திறன் இதற்குத் தேவைப்படாது. ஆம்ப்ளிஃபையர் வாங்கும் பணத்தை நான் வேறிடத்தில் செலவிட்டேன், அதைப் பின்னால் சொல்கிறேன். 250 ஓம் வகையை எடுத்திருந்தால் கணக்கு கொஞ்சம் இறுகியிருக்கும்.

வயர் இல்லாத வகைகளை ஏன் பார்க்கவில்லை என்றால், ஒரே விலையில் பேட்டரிக்கும் சில்லுக்கும் போகும் பணம் ஒலிக்குப் போகட்டும் என்பதுதான். புளூடூத்தின் ஒலிச் சுருக்கத்தை என் காது பிரித்தறிந்ததில்லை. ஆனால் போனில் தாளம் தட்டும் செயலிகளில் விளையாடுகிறவர்களுக்கு, விரல் பட்ட பிறகு ஒலி வரும் தாமதம் எரிச்சலூட்டும்.

பேருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் ஓசூருக்குப் போய்வரும் எனக்கு இசை கேட்க அதிக நேரம் கிடைப்பது அங்கேதான். மூடிய ஹெட்ஃபோன் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. பேச்சையும் ஹாரனையும் தணிக்கும். எஞ்சின் உறுமலை ஏறக்குறைய அப்படியே உள்ளே விடும். ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது வினாடிக்கு 75 முறை வெடிக்கிறது. நிறுத்தத்தில் 600 சுற்றில் உறுமும்போது 30 முறை. கிக்கும் பேஸும் குடியிருக்கும் வீடு சரியாக அதுதான். சூளகிரி ஏற்றத்தில் ஓட்டுநர் கியரைக் குறைக்கும்போது என் டெக்னோவில் கிக் காணாமல் போய், ஹை-ஹாட் மட்டும் தனியே ஓடும். ஒலியைக் கூட்டினால் சமாளிக்கலாம் என்று தோன்றும், அதுதான் ஆபத்து. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. பயணத்துக்காக மட்டும் வாங்குகிறவர்கள் இரைச்சல் நீக்கும் வகையையோ, காதுக்குள் பொருந்தும் இயர்ஃபோனையோதான் பார்க்க வேண்டும். நான் பேருந்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் இயர்ஃபோன் ஒன்றை வைத்திருக்கிறேன். ரப்பர் முனை சரியான அளவில் பொருந்திவிட்டதால் அதன் 40 ஹெர்ட்ஸ் என் பழைய ஹெட்ஃபோனைவிட ஒழுங்காக வருகிறது. இங்கும் அடைப்புதான்.

டிடி 770 இரவு ஒன்பதரைக்கு மேல், வீடு அடங்கிய பிறகு வெளியே வரும். அந்த நேரத்தில் ஒலியைக் குறைத்தே வைப்பதால் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொள்கிறேன். ஒலி குறையக் குறையத் தாழ்ந்த ஒலிகள்மீது காதின் கூர்மை மற்றவற்றைவிட வேகமாக மங்குகிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933 இலேயே இதை அளந்து வெளியிட்டுவிட்டார்கள். போனில் வேவ்லெட் என்ற செயலியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றி, 8,000 ஐ ஒட்டி 4 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். ஹை-ஹாட் குத்துவது நின்றுவிட்டது. இறக்கியதுதான் பெரிய மாற்றம், ஏற்றியதைப் பாதி நாள் நானே மறந்துவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபையருக்கு வைத்திருந்த பணத்தில் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் உள்ள கண்ணாடிக் கடையில் புது ஃபிரேம் போட்டேன். பழையது ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் காம்பு. இப்போதையது கம்பிபோல் மெல்லிய உலோகம். காம்பின் தடிமனை அளக்க நான் ஸ்கேல் கொண்டுபோனதால் கடையில் இருந்த அக்கா வேறு ஏதோ மருத்துவக் காரணம் என்று நினைத்துக்கொண்டு, கரிசனத்தோடு காதுக்குப் பின்னால் புண்ணா என்று கேட்டார். 40 ஹெர்ட்ஸ் ஓடும்போது கிண்ணத்தை அழுத்தினால் இப்போதும் மிகச் சிறிதாக ஒலி கூடுகிறது. கழற்றி வைத்தால் கூடுவதில்லை. ஆகவே ஆம்பியன்ட் கண்ணாடியோடும், டெக்னோ கண்ணாடி இல்லாமலும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது.

பழைய ஹெட்ஃபோன் பெரியப்பாவிடம் இருக்கிறது. அவருக்குக் கண்ணாடி கிடையாது. போனில் தெருக்கூத்துப் பதிவுகளை ஏற்றி வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். மிருதங்கம் நன்றாக இருக்கிறதாம், முகவீணைக் குழல் மட்டும் கொஞ்சம் கத்துகிறதாம். அடுத்த முறை போகும்போது அவர் போனிலும் வேவ்லெட்டை ஏற்றிக் கொடுக்க வேண்டும்.